மூடியைக் கழற்றினால் தெரிகிற பேரிங்கை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்

முன் வீல் பேரிங் வேலைக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டியை விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால் போதும்.

என்னுடையது லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை டிரைவோடு சேர்க்கவும் பிரிக்கவும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் பூட்டு) வைத்த பழைய வகை டிரக். இரண்டு முறை ஆற்றில் இறக்கி ஏற்றியிருந்தேன். ஓடிச் சூடான ஹப், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடம், குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது தெரிந்துதான் உடனே சர்வீஸுக்குக் கொடுத்தேன். "ரெண்டு பக்கமும் பேரிங் செட், ஆயில் சீல், கிரீஸ் எல்லாம் புதுசு சார்" என்றார்கள். பில்லிலும் அப்படியே எழுதியிருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அடியிலிருந்து ஒரு 'ம்ம்ம்' சத்தம். திரும்பப் போய்ச் சொன்னால், "மட் டயர் போட்டா கத்தத்தான் செய்யும்" என்றார்கள். சேற்றுக்கென்று வரும் மட் டயர் கத்தும் என்பது உண்மைதான், அதனால் நம்பினேன். டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்) சத்தம் என்று சொல்லி ஆயில் மாற்றினார்கள், அதற்குத் தனி பில்.

இங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். டயர் சத்தம் ரோட்டைப் பார்த்து மாறும். வழவழப்பான தார் வந்தால் குறையும். பேரிங் சத்தத்துக்கு ரோடு ஒரு பொருட்டில்லை. ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் வளைத்தால்தான் மாறும். என் வண்டியில் வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் ஏறியது. அப்போது பாரம் இடப்பக்கம் சாய்கிறது, ஆக முதலில் சந்தேகப்பட வேண்டியது இடது சக்கரம். ஓட்டிவிட்டு இறங்கிக் கையை அருகில் கொண்டுபோனால் இடது ஹப் மற்றதைவிட நன்றாகவே சுட்டது.

சரி, நாமே பார்ப்போம் என்று ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் போட்டு, டயரின் உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டினேன். டக் டக் என்று ஆட்டம். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொன்னதும் ஆட்டம் நின்றது. மிதித்த பிறகும் ஆடினால் சக்கரம் திரும்பும் மூட்டுகளான பால் ஜாயிண்ட்டையோ கிங் பின்னையோ பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் பேரிங்தான்.

கழற்றும்போதுதான் குட்டு உடைந்தது. ஒரு ஹப்பில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு பேரிங். லாக்கிங் ஹப்பை எடுத்தால் வெளிப் பேரிங் புத்தம் புதிது, பளபளவென்று கிரீஸ். ஆனால் நட்டில் உளி வைத்துத் தட்டிய வடு. பழைய லேண்ட் க்ரூசர், ஹைலக்ஸ் ரகங்களுக்கு 54 மி.மீ. சாக்கெட் போட்டுக் கழற்ற வேண்டிய நட்டு இது. அளவான சாக்கெட்கூட இல்லாமலா ஹப்பைத் திறந்தார்கள்? ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு நட்டுக்கும் நடுவில், அவை தளராமல் பிடிக்க இருக்கும் வாஷரின் நாக்கை மடக்கவே இல்லை.

அடுத்து, பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட்டுகள். ஆற்று மண் காய்ந்து அப்பியபடி இருந்தது, ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. என் வண்டியில் காலிப்பரைக் கழற்றாமல் ஹப் வெளியே வராது. ஹப் வராமல் உள் பேரிங்கைத் தொட முடியாது, பின்னால் இருக்கும் சீலையும் மாற்ற முடியாது. ஆக, மூடியைக் கழற்றினால் கைக்கு வரும் வெளிப் பேரிங்கை மட்டும் மாற்றி, மேலே கிரீஸ் பூசி அனுப்பியிருக்கிறார்கள்.

ஹப்பை இழுத்ததும் உள்ளே கிரீஸ் தண்ணீர் கலந்து, பால் கலந்த காப்பி நிறத்தில் வழிந்தது. உருளைகளில் குழி, ஒரு ஓரத்தில் சூட்டில் நீலம் பாரித்த கறை. ரேஸில், அதாவது ஹப்புக்குள் அடித்து இறக்கும் வெளி வளையத்தில், உருளைகளின் இடைவெளிக்குச் சரியாக வரிவரியாகத் துரு. தண்ணீரோடு வண்டி சும்மா நின்ற நாட்களின் தடம் அது. புதிய வெளிப் பேரிங்கும் பழைய ரேஸின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய ரேஸ் தேய்ந்த வாக்குக்குப் புது உருளை ஒத்துப்போகாது, சீக்கிரமே அதுவும் போகும். இப்போது பேரிங் உட்காரும் தண்டான ஸ்பிண்டிலும் கீறிக் கிடக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பேரிங் இறுகிப் பிடித்து, சக்கரம் ஹப்போடு கழன்றே போயிருக்கலாம்.

இந்த வகை ஹப்பில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பேரிங், இரண்டு ரேஸ், ஒரு சீல் என்று ஐந்து பழைய உருப்படிகள் வெளியே வர வேண்டும். இரு பக்கமும் செய்தால் பத்து. வண்டியை விடும்போதே "பழசு பத்தும் எனக்கு வேணும்" என்று சொல்லிவிடுங்கள். எனக்குத் திருப்பித் தந்தது இரண்டு பேரிங் மட்டும், அதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. முடிந்தால் நட்டு இறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்: ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, தளர்த்தி, மறுபடி கையேட்டில் சொன்ன அளவுக்கு மெல்ல இறுக்க வேண்டும். பலம் கொண்ட மட்டும் இறுக்கிவிட்டு 'டைட்டா இருக்கு' என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

புது வண்டிகள் பலவற்றில் ஹப்பும் பேரிங்கும் சீல் செய்த ஒரே யூனிட். அதில் கிரீஸ் போட வழியே இல்லை. "கிரீஸ் வைத்துச் சரிசெய்தோம்" என்று அதற்குப் பில் வந்தால் அப்போதே கேளுங்கள்.

பாகங்களை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "தண்ணியில இறக்குனா அப்படித்தான் ஆகும்" என்றார் பட்டறைக்காரர். தண்ணீரில் இறக்கியதால்தானே உங்களிடம் வந்தேன் என்றேன். அதற்குப் பதில் இல்லை, போன் பேச எழுந்து போய்விட்டார்.

வலது பக்கத்தை இன்னும் திறக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், அங்கேயும் காலிப்பர் போல்ட்டில் ஆற்று மண் அப்படியே இருக்கிறது.