5 முதல் 11 வயது: கோவிட் தடுப்பூசியின் பூஸ்டர் போடுவதா, இரண்டு தவணையோடு நிறுத்துவதா?

2022 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 5 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு ஃபைசர் கோவிட் தடுப்பூசியின் பூஸ்டரை (கூடுதல் தவணையை), இரண்டாம் தவணைக்குக் குறைந்தது 5 மாதங்கள் கழித்துப் போடலாம் என்று அனுமதித்தபோது, பெற்றோர் முன் இரண்டு வழிகள் இருந்தன.

போட்டுவிடுவது முதல் வழி. ஒமைக்ரான் என்னும் கோவிட் திரிபு பரவியபின், முதல் இரண்டு தவணைகளின் தொற்றைத் தடுக்கும் திறன் சில மாதங்களிலேயே தேய்ந்தது. பூஸ்டர் அதை மீண்டும் உயர்த்தியது, ஆனால் அந்த உயர்வும் நீடிப்பதில்லை. மருந்தின் அளவு 10 மைக்ரோகிராம், அதாவது பெரியவர்களுக்குரிய 30 மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்கு. பக்கவிளைவுகளும் பெரும்பாலும் கைவலி, சோர்வு, தலைவலியோடு முடிந்தன. பலர் அஞ்சிய இதயத்தசை அழற்சி, பதின்வயது ஆண்களைவிட இவ்வயதினரிடம் மிகக் குறைவாகவே காணப்பட்டது.

நிறுத்திக்கொள்வது இரண்டாம் வழி. இதைச் சோம்பல் என்று ஒதுக்க முடியாது. 2022 பிப்ரவரிக்குள் அமெரிக்கக் குழந்தைகளில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினரின் இரத்தத்தில் தொற்று வந்துபோனதற்கான தடயம் இருந்தது. கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு, தொற்றைத் தடுக்கும் திறனைவிட நீண்ட காலம் நிலைக்கிறது. உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழுவும் 2023 மார்ச்சில் நலமான குழந்தைகளைக் குறைந்த முன்னுரிமைப் பிரிவில் வைத்தது.

நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோடு ஒரே வீட்டில் வாழும் குழந்தைக்கும் முதல் வழியே தகும் என்பது என் கருத்து. அண்மையில் தொற்று வந்து தேறிய, நலமான குழந்தைக்கு அவசரம் இல்லை. முதல் தவணையே போடாத குழந்தையின் நிலை வேறு. அங்கே கேள்வி பூஸ்டரைப் பற்றியதே அன்று.