ஷிமானோ எம்520 பெடல்: மூன்று முறை விழுந்து எழுந்தவள் எழுதுவது

காலணியைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும் இந்த சைக்கிள் பெடலைப் பதினான்கு மாதமாக ஓட்டுகிறேன். அதில் முதல் இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை விழுந்தேன். மூன்று முறையும் நடக்கிற வேகம்கூட இல்லை. ஒன்றில் முழங்கை எலும்பில் விரிசல் விட்டது. அப்படியும் இது நல்ல பெடல் என்றுதான் எழுத வந்திருக்கிறேன். மூன்றில் ஒரு தடவையும் பெடல் மீது தப்பில்லை.

எனக்குக் கோபமெல்லாம் ஒரு வாக்கியத்தின் மேல். "எல்லாரும் மூணு தடவை விழுவாங்க மேடம், அப்புறம் பழகிரும்." விற்ற கடைக்காரர் சொன்னார், கூட ஓட்டுகிறவர்கள் சொன்னார்கள், என்னைவிட இருபது வயது சின்னப் பையனும் சொன்னான். நாற்பத்தாறு வயதில் கீழே விழுகிறவளுக்கு அந்த வாக்கியம் போதாது. என் மூன்று விழுதலில் இரண்டு நடந்திருக்கவே வேண்டியதில்லை. யாராவது கால் மணி நேரம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்திருந்தால் போதும்.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். வீடு கோவை வடவள்ளியில். ஞாயிற்றுக்கிழமை பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை வழியாக இருட்டுப்பள்ளம் வரை போய்த் திரும்புவேன். ஒரு ஆடி மாதச் சாரலில், பழைய தட்டைப் பெடலில் இருந்து செருப்பு வழுக்கி, பெடலின் பல் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் கிழித்துவிட்டது. ஆறு தையல். கால் பெடலை விட்டு நகராமல் இருக்க ஒரு வழி வேண்டும் என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தேன். வேகத்துக்காக வாங்கவில்லை.

இந்த வகைக்கு க்ளிப்லெஸ் என்று பெயர். பெயரைப் பார்த்து நானும் குழம்பினேன். முன்பெல்லாம் பெடலின் முன்னால் ஒரு கூண்டு வைத்து, அதற்குள் காலை நுழைத்து வார் போட்டு இறுக்குவார்கள். அந்தக் கூண்டுதான் டோ க்ளிப். அது இல்லாதது க்ளிப்லெஸ். காலணியின் அடியில் க்ளீட் என்ற சின்ன உலோகத் துண்டு, அதைக் கவ்விப் பிடிக்க பெடலில் ஸ்பிரிங். பனிச்சறுக்குப் பலகையில் காலைப் பூட்டும் முறையில் இருந்து எடுத்து லுக் என்ற பிரெஞ்சு கம்பெனி 1984-ல் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். இந்தப் பெடலில் இருக்கும் எஸ்பிடி என்ற ஷிமானோவின் பூட்டு வகை 1990-ல் வந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பனிச்சறுக்கில் இருந்து வந்ததால்தான் இந்தப் பூட்டு இழுத்தால் விடுவதில்லை, திருகினால் விடுகிறது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். நமக்கோ சைக்கிள் சாய்ந்தால் காலை மேலே உருவத்தான் தெரியும். ஏழு வயதில் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட நாளில் இருந்து உடம்பு கற்றது அது. விழுவதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முதல் தடவை எங்கள் அடுக்குமாடிக் கேட்டில். அதற்கு முந்தின நாள் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது முறை மாட்டி, ஐம்பது முறை கழற்றியிருந்தேன். எல்லாம் சுலபமாக வந்தது. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் கேட் பாதி சாத்தியிருந்தது. பிரேக் பிடித்தேன், சைக்கிள் நின்றது, அதற்குப் பிறகுதான் காலை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. எடுத்தேன், மேலே. வரவில்லை. இன்னொரு முறை மேலே இழுத்தேன். இடுப்பு முதலில் தரையைத் தொட்டது. வாட்ச்மேன் ஓடிவந்து, "ஏனுங்க மேடம், அடி பட்டிருச்சுங்களா?" என்றார். எதிர் வீட்டில் பால் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வலியைவிட அந்த முகங்கள்தான் அன்று முழுக்கக் கண்ணில் நின்றன.

சுவர் பயிற்சி வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுவர் நம் பாரத்தைத் தாங்குகிறது. கழற்ற எவ்வளவு நேரம் எடுத்தாலும் சாய மாட்டோம். பழக வேண்டியது கழற்றும் அசைவை மட்டும் இல்லை, எப்போது கழற்றுவது என்பதையும்தான். பிரேக்குக்கு முன்னால், சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே, பெடல் கீழே இருக்கும் நொடியில் குதிகாலை வெளியே உதைத்துவிட வேண்டும். நிற்க இருபது முப்பது அடி இருக்கும்போதே ஒரு கால் சும்மா பெடல் மேல் கிடக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது, லாலி ரோடு சிக்னல். அதை எழுத இப்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது. கேட்டில் கற்ற பாடத்தின்படி இடது காலை முன்பே கழற்றிவிட்டேன். நின்றும்விட்டேன் என்றே சொல்லலாம். கடைசி நொடியில் முன் சக்கரத்துக்கு நேரே சாலையில் ஒரு சாக்கடை மூடி தூக்கிக்கொண்டு இருந்தது. அதைத் தவிர்க்க ஹேண்டிலை இடப்பக்கம் வெட்டினேன். மெதுவாக உருளும் சைக்கிளில் ஹேண்டில் இடப்பக்கம் போனால் உடம்பு வலப்பக்கம் சாயும். கழற்றியது இடது கால். பூட்டிக் கிடந்தது வலது கால். வலப்பக்கம், சாலைக்குள் விழுந்தேன். பக்கத்தில் ஒரு டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது, நகரவில்லை. அதன் பின் டயரில் இருந்த சேற்றுக் கோடுகள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

கையை ஊன்றினேன். அதுவும் தப்பு. விழும்போது ஹேண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு தோளோடும் இடுப்போடும் விழுந்திருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும் என்று எலும்பு டாக்டர் பிறகு சொன்னார். ஆனால் டாக்டரிடம் போனதே நாலாம் நாள். அதுவரை வீட்டில் சொல்லவில்லை. இந்த வயதில் இது தேவையா என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். முழங்கை நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. இடது கையால் தோசை திருப்பிக்கொண்டு சமாளித்தேன். எக்ஸ்ரேயில் மூட்டை ஒட்டி மயிரிழை விரிசல். மூன்று வாரம் கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தேன். விழுந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், முழங்கையோ மணிக்கட்டோ மறுநாளும் வலித்தால் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கை சரியாகி முதல் சவாரி. மாதம்பட்டி தாண்டி ஒரு டீக்கடை, எப்போதும் நிற்கும் இடம். ஐம்பதடி முன்னாலேயே இடது குதிகாலைத் திருப்பினேன். கால் திரும்பியது. பூட்டு விடவில்லை. இன்னும் திருப்பினேன், காலணி முழுசாகக் கோணிக்கொண்டது, க்ளீட் மட்டும் பெடலோடு உட்கார்ந்திருந்தது. எல்லாம் சரியாகச் செய்தும் மண் ஓரத்தில் பொத்தென்று சாய்ந்தேன். இந்த முறை கையை ஊன்றவில்லை. விழுந்த பிறகும் கால் வரவில்லை. சைக்கிளுக்கு அடியில் கிடந்து காலை முறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரப் பாட்டி வந்து குனிந்தார். "அம்மிணி, காலை மொதல்ல உருவு. செருப்பு அங்கயே கெடக்கட்டும்." அவரே வாரைத் தளர்த்தினார். கால் வெளியே வந்தது. காலணி பெடலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாட்டி கடையில் உட்கார்ந்து பார்த்தால், க்ளீட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றைக் காணவில்லை. ஒற்றை போல்ட்டில் க்ளீட் கடிகார முள் போலச் சுற்றுகிறது. கால் திரும்பும்போது க்ளீட் திரும்பாமல் நின்றுவிடும், அதனால் பூட்டு விடாது. கடையில் மாட்டிக் கொடுத்தபோது கையால் இறுக்கியதோடு சரி என்று நினைக்கிறேன். 4 மி.மீ. ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) இறுக்க வேண்டிய போல்ட் அது, ஐந்து ஆறு நியூட்டன் மீட்டர் வரை. முதல் சவாரிக்குப் பிறகு க்ளீட் காலணியில் கொஞ்சம் அமுங்கி உட்காரும், அப்போது மறுபடி இறுக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை. ஸ்பிரிங்கையும் "கழண்டு வராம இருக்கட்டும்னு" நன்றாக முறுக்கியே கொடுத்திருந்தார்கள். புதிதாகப் பழகுகிறவருக்குச் செய்ய வேண்டியது நேர் எதிர். கடையின் பெயரை எழுதவில்லை. வேறு கடைகளிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு முறையும் விழவில்லை. செய்தவை இவைதான். பெடலோடு வரும் எஸ்ஹெச்51 க்ளீட் குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். அதை மாற்றி எஸ்ஹெச்56 போட்டேன். அது பல திசையிலும் விடும். பதறிப்போய்க் காலை மேலே வெட்டி இழுத்தாலும் பெரும்பாலும் வந்துவிடும். எழுந்து நின்று பலமாக மிதிக்கும்போதும் கழன்றுவிட வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் விலை. பந்தயம் ஓட்டுகிறவருக்கு அது ஒத்துவராது, எனக்கு ஒத்துவந்தது. பெடலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்பிரிங்குக்கு ஒரு திருகு இருக்கிறது, மொத்தம் நான்கு. 3 மி.மீ. ஆலன் கீயால் நான்கையும் கடைசி வரை தளர்த்தினேன். ஒன்றை மறந்தால்கூட எந்தப் பக்கம் மாட்டியது என்று தெரியாமல் கால் ஏமாறும். ஒரு வாரம் வலப்பக்கம் மட்டும் புதுப் பெடல், இடப்பக்கம் பழைய தட்டைப் பெடல். (இடது பெடலின் மரை தலைகீழ். கழற்றும்போது எல்லோரும் திருப்பும் திசையில் திருப்பினால் இன்னும் இறுகும்.) சீட்டை ஒரு விரற்கடை இறக்கினேன். வேளாண் பல்கலைக்கழகம் பக்கம் ஆள் இல்லாத ஒரு தெருவில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் மாட்டுவதும் கழற்றுவதுமாகப் போனேன். நம் ஊரில் இடது ஓரம் ஓட்டுகிறோம், அதனால் எப்போதும் இடது காலைத்தான் கழற்றுகிறேன், நிற்கும் முன் இடுப்பை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன். விழுந்தாலும் சாலைக்குள் விழக் கூடாது. நெரிசல் சிக்னல் என்றால் இரண்டு காலையும் கழற்றிவிடுகிறேன்.

இனி பெடலைப் பற்றி. இரண்டு பக்கமும் பூட்டு இருப்பதால் குனிந்து பார்க்க வேண்டியதில்லை, மிதித்தால் மாட்டிக்கொள்ளும். ஜோடி 380 கிராம், எடை பார்ப்பவர்களுக்கு அதிகம், எனக்குக் கவலை இல்லை. இரண்டு மழைக்காலம் பார்த்தும் பேரிங் சத்தம் போடவில்லை. மாதம் ஒரு முறை ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவே. க்ளீட் காலணியின் பள்ளத்துக்குள் இருப்பதால் டீக்கடைத் தரையில் வழுக்காமல் நடக்க முடிகிறது. பெடலும் கூடுதல் க்ளீட்டும் ஐயாயிரத்துக்குள் முடிந்தது, காலணிதான் அதைவிட அதிகம். கால் ஒரே இடத்தில் இருப்பதால் முட்டி வலி குறைந்திருக்கிறது. மழையில் வழுக்கும் பயம் போயேவிட்டது. வேகம் கூடியதா என்றால், என் வாட்சில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேலைக்குச் செருப்போடும் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் ஈஹெச்500 பார்க்கலாம்.

போன மாதம் எங்களோடு புதிதாகச் சேர்ந்த பெண் இதே பெடல் வாங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் காலணியைக் கவிழ்த்துப் போட்டு நான்கு போல்ட்டையும் நானே இறுக்கினேன். அவள் சைக்கிள் பையில் ஒரு போல்ட்டும் ஒரு ஆலன் கீயும் போட்டுவிட்டு, அதே தெருவில் முதல் மின்கம்பம் வரை பக்கத்திலேயே ஓடினேன். "இடது, இடது, இப்பவே" என்று கத்தினேன். கழற்றிவிட்டு நின்றாள்.