மேன்ஸ்ஃபீல்ட் பிரபுவின் செப்புத்தகட்டு உருவப்படம்: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் உயர் நீதிமன்றங்களில் ஒன்றான கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக 1756 முதல் 1788 வரை பதவி வகித்த மேன்ஸ்ஃபீல்ட் பிரபுவை ஜோஷுவா ரெய்னால்ட்ஸ் 1785-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அந்த ஓவியத்தைப் பார்த்து பிரான்செஸ்கோ பார்தொலோட்சி செப்புத் தகட்டில் செதுக்கிய அச்சுப்படம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதன் பழைய பிரதி ஒன்றை லண்டன் வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். படம் மிக உயர்ந்தது. விற்றவர் அதைப் பற்றிக் கொடுத்திருந்த விவரம்தான் போதாது.

முதலில் முகத்தைச் சொல்ல வேண்டும். ரெய்னால்ட்ஸ் முன் அமர்ந்தபோது மேன்ஸ்ஃபீல்டுக்கு வயது எண்பது. அடிமையாக இருந்த ஜேம்ஸ் சோமர்செட்டை இங்கிலாந்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியே கொண்டுசெல்ல முடியாது என்று 1772-இல் தீர்ப்பளித்தவர் அவர். 1780-இல் லண்டனில் கத்தோலிக்கர்களுக்கு எதிராக மூண்ட கார்டன் கலவரத்தில் அவருடைய புளூம்ஸ்பரி வீடும் நூலகமும் தீக்கிரையாயின. இத்தனையும் கண்ட முதுமையைப் பார்தொலோட்சி மழுப்பவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், கன்னத்தில் ஒளி விழும் இடங்களில் கோடுகள் மெலிந்து, நுண்ணிய புள்ளிகளாக உதிர்ந்து, வெறும் தாளில் கரைவது தெரிகிறது. கண்ணாடியை எடுத்துவிட்டால் புள்ளிகள் மறைந்து, தளர்ந்த சதை மட்டும் நிற்கிறது. புள்ளிச் செதுக்கலில் லண்டனே கொண்டாடிய கை அது என்பதற்கு இந்த ஒரு கன்னம் போதும்.

நீதிபதியின் செவ்வங்கி இங்கே கறுப்பு மைதான். ஆனாலும் துணியின் கனம் குறையவில்லை. வெண்ரோம விளிம்பைக் காட்ட, மையிடாமல் விட்ட தாளையே பெரும்பாலும் பயன்படுத்தியிருக்கிறார். நிறம் போனது இழப்பு என்று சிலர் சொல்லலாம். ரெய்னால்ட்ஸ் பயன்படுத்திய சிவப்புச் சாயங்கள் பல ஓவியங்களில் அவர் வாழ்நாளிலேயே வெளிறத் தொடங்கியவை என்பதை நினைத்தால், மங்காத மையில் பதிந்த அச்சுப்படங்களின் அருமை எனக்குக் கூடுதலாகவே தெரிகிறது.

இனி, என் கைக்கு வந்த பிரதி. செம்பு மென்மையான உலோகம் என்பதால், அச்சிட அச்சிட மெல்லிய கோடுகளே முதலில் தேயும். இதில் பொய்முடியின் சுருள்களுக்கிடையே உள்ள நிழல்கள் இன்னும் கருமையாகவும் பிரிந்தும் இருப்பதால், தகடு தேய்வதற்கு முன் எடுத்த பிரதி என்றே கொள்கிறேன். பின்புறத்தில் அமிலம் கலந்த பழைய அட்டை ஒட்டியிருந்த இடம் பழுப்பேறியிருக்கிறது, முன்பக்கம் ஊடுருவவில்லை.

கீழ் ஓரம்தான் வருத்தம் தருகிறது. யாரோ முன்பு சட்டகத்துக்குப் பொருத்துவதற்காகத் அச்சிடும்போது தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடத்துக்கு உள்ளேயே தாளை வெட்டியிருக்கிறார்கள். ஓவியர் பெயரும் செதுக்குநர் பெயரும் தப்பிவிட்டன. வெளியீட்டு வரி பாதி போய்விட்டது. உரிமையாளர் பெயரையும் வெளியீட்டு நாளையும் ஒவ்வொரு அச்சுப்படத்திலும் பொறிக்க வேண்டும் என்பது 1735-இல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின் விதி. ஒரு பிரதி எந்த வெளியீட்டைச் சேர்ந்தது என்று பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். விற்றவரோ "ஓரம் குறுகியது" என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். சுருட்டாமல், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து அனுப்பிய அக்கறையை விவரத்திலும் காட்டியிருக்கலாம்.

படத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த முகத்துக்காகவே வைத்துக்கொண்டேன். இதை வாங்க நினைப்பவர்கள் பணம் செலுத்தும் முன் கீழ் ஓரத்தையும் பின்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளியீட்டு வரி முழுமையாக உள்ள பிரதி கிடைத்தால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.