மேக்கொங் மீனும் அணையும்: எந்த மாதிரியை எப்போது நம்பலாம்?

நீர்மின் அணை வந்தால் மேக்கொங் ஆற்றில் மீன்பிடிப்பு எவ்வளவு குறையும் என்று கேட்டால், ஒரு கணினி மாதிரி பேரழிவு வரும் என்கிறது. இன்னொரு மாதிரியோ, தண்ணீர் திறக்கும் முறையைச் சரியாக வகுத்தால் பிடிப்பு சில மடங்கு கூடவே செய்யும் என்கிறது. இரண்டையும் செய்தவர்கள் தேர்ந்த அறிவியலாளர்கள். இரண்டும் முன்னணி ஆய்விதழ்களில் வந்தவை. அனுமதிக் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியும் ஆற்றில் வலை போடும் குடும்பமும் எதை நம்புவது? அணை இன்னும் காகிதத்தில் இருக்கிறதா, கட்டி முடிந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். விடை அதைப் பொறுத்தே மாறும்.

லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில் பரந்த கீழ் மேக்கொங் படுகையில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன் மீன் பிடிபடுகிறது. ஆற்று மீன்பிடிப்பில் உலகிலேயே பெரியது இதுதான். மழைக்காலத்தில் மேக்கொங் பெருக்கெடுக்கும்போது கம்போடியாவின் தொன்லே சாப் ஆறு திசை மாறிப் பின்னோக்கி ஓடி, அதே பெயருள்ள ஏரிக்குள் பாய்கிறது. கோடையில் 2,500 சதுர கிலோமீட்டர் அளவில் சுருங்கிக் கிடக்கும் ஏரி, நல்ல வெள்ள ஆண்டில் 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. மேலே இடப்பட்ட முட்டைகளும் குஞ்சுகளும் வெள்ளத்தோடு மிதந்து வந்து, மூழ்கிய காட்டுக்குள் புகுந்து வளர்கின்றன. நீர் வடியும்போது ஆற்றுக்குத் திரும்புகின்றன. கோடையைக் கம்போடியாவின் கிராச்சே, ஸ்டுங் திரெங் பகுதி ஆழ்மடுக்களில் கழித்துவிட்டு, மறுபடி மேலே ஏறுகின்றன. அணை இந்தச் சுற்றை மூன்று விதமாகக் கெடுக்கும்: வழியை அடைக்கும், வெள்ளத்தின் தாளத்தை மாற்றும், வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றையும் ஒரே அளவு நன்றாகக் கணக்கிடும் மாதிரி இதுவரை என் கண்ணில் படவில்லை.

முதலில் வழியடைப்பைக் கணக்கிடும் மாதிரி. 2012இல் கை ஜிவ் என்ற அறிவியலாளரின் குழு வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. ஆற்றை ஒரு கிளைத்த மரமாக வரைந்து, எந்த இடத்தில் சுவர் வந்தால் வலசை மீனுக்கு எவ்வளவு வாழிடம் கைவிட்டுப் போகும் என்று பார்க்கிறது. தேவைப்படும் தரவு குறைவு என்பது இதன் பெரிய பலம். முடிவெடுக்காமல் இருந்த 27 துணையாற்று அணைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் கட்டலாம், கட்டாமல் விடலாம் என்று வைத்தால் 13 கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் வரும். அவற்றை ஒப்பிட்டால், இவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று வைத்துக்கொண்டு மீனுக்கு மிகக் குறைந்த சேதம் தரும் தொகுப்பைத் தேட முடிகிறது. ‘இந்த அணை வேண்டுமா, வேண்டாமா’ என்ற சண்டை ‘இந்த மின்சாரத்தை வேறு எங்கிருந்து எடுக்கலாம்’ என்ற பேச்சாக மாறுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த மாதிரி எனக்குப் பிடிக்கும்.

அந்த ஆய்வில் தனியாகத் தெரிந்த ஓர் அணை கம்போடியாவின் கீழ் சேசான் 2. சேசான், ஸ்ரேபோக் என்ற துணையாறுகள் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே அமைவதால், ஒரே சுவர் இரண்டு ஆறுகளை மூடுகிறது. படுகை முழுவதிலும் உள்ள மீன்களின் மொத்த எடை இந்த ஓர் அணையால் மட்டும் 9.3 விழுக்காடு குறையும் என்று கணக்கு வந்தது. 400 மெகாவாட் மின்சாரத்துக்கு அது மிகப் பெரிய விலை. இருந்தும் அணை கட்டப்பட்டு 2018இல் திறக்கப்பட்டது. இங்கே சட்டத்தின் ஓட்டையையும் சொல்ல வேண்டும். 1995 மேக்கொங் ஒப்பந்தப்படி, முதன்மை ஆற்றில் அணை கட்ட அண்டை நாடுகளிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். துணையாற்று அணைக்கு அறிவித்தாலே போதும். மாதிரி காட்டிய ஆபத்து துணையாற்றில் இருந்தது, பேச்சுவார்த்தை மேடையோ முதன்மை ஆற்றுக்கு மட்டும் இருந்தது.

குறைகளும் உண்டு. அணை பாதி திறந்த கதவாக இருந்தால் என்ன ஆகும், வெள்ளம் மூன்று வாரம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று இந்த மாதிரியிடம் கேட்டால் நல்ல விடை கிடைக்காது.

அந்தப் பாதி திறந்த கதவைப் பற்றிப் பேசுவது இரண்டாவது வகை. அந்த நான்கு நாடுகளின் கூட்டமைப்பான மேக்கொங் ஆற்று ஆணையத்துக்காக ஹால்ஸ், க்ஷத்ரியா இருவரும் 2009இல் செய்த மாதிரி மீனின் வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகப் பின்தொடர்கிறது: எத்தனை மீன் ஏணியில் (அணையைத் தாண்ட மீனுக்கென்று கட்டும் படிப்படியான நீர்வழி) ஏறும், ஏறியதில் எத்தனை முட்டையிடும், குஞ்சும் தாய்மீனும் டர்பைனைத் தாண்டி எவ்வளவு உயிரோடு கீழே வரும். அணை நிறுவனங்கள் ‘மீன் ஏணி வைத்துவிட்டோம்’ என்று சொல்லும்போது எடுக்க வேண்டிய அளவுகோல் இதுதான். ஓர் ஏணியில் பத்துக்கு எட்டு மீன் ஏறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு அணை இருந்தால் நூற்றுக்கு 64 தாண்டும். ஐந்து அணை என்றால் 33. கீழ் மேக்கொங்கில் திட்டமிட்ட 11 முதன்மை ஆற்று அணைகளையும் வரிசையாக வைத்தால் ஒன்பதுகூடத் தேறாது. ஏறுவதற்கு மட்டும்தான் இந்தக் கணக்கு; இறங்குவது தனி. பெரிய மீன் டர்பைன் தகட்டில் அடிபடும் வாய்ப்பு அதிகம். ஓடும் நீரில் மிதக்க வேண்டிய குஞ்சு, நீர்த்தேக்கத்தின் அசையாத தண்ணீரில் அடியில் அமிழ்ந்து சாகும்.

ஏணித் தொழில்நுட்பம் பெரும்பாலும் சால்மன் மீனை மனதில் வைத்து வளர்ந்தது. மேக்கொங்கில் அப்படிப் பாய்ந்து ஏறும் மீன் கிடையாது. விரல் நீள ரியல் மீனிலிருந்து 300 கிலோ எட்டும் ராட்சதக் கெளுத்தி வரை ஒரே வழியில் போக வேண்டும். தாய்லாந்தின் பாக் மூன் அணை 1994இல் ஏணியோடுதான் வந்தது; ஏணி பயன்படவில்லை, மீனவர் போராட்டங்களுக்குப் பிறகு மதகுகளைப் பருவத்தில் திறந்துவிட வேண்டியதாயிற்று. 2019இல் இயங்கத் தொடங்கிய லாவோஸின் 1,285 மெகாவாட் சயாபுரி அணையில் இதைவிட விரிவான மீன்வழி இருக்கிறது. ஆனாலும் ஒவ்வோர் இனமும் எந்த விகிதத்தில் கடக்கிறது என்ற அளவீடு பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வந்தால்தான் மாதிரிக்குள் போடும் எண் உறுதியாகும். அதுவரை இந்த வகை மாதிரி ஒரு வேலையை நன்றாகச் செய்யும்: மீன் கூட்டம் பிழைக்க ஏணி குறைந்தபட்சம் என்ன சாதிக்க வேண்டும் என்று சொல்லும். அதைக் காட்டி நிறுவனத்திடம் நிரூபணம் கேட்கலாம்.

மூன்றாவது வகை வெள்ளத்தின் தாளத்தைப் படிப்பது. 2017இல் சாபோ குழுவினர், தொன்லே சாப் ஆற்றில் வரிசையாக நங்கூரமிட்டுக் கட்டும் பெரிய பை வலைகளின் பல ஆண்டுப் பிடிப்பையும் நீரோட்டப் பதிவையும் இணைத்துப் பார்த்தார்கள். நீண்ட தாழ்நீர்க் காலம், அதன்பின் குறுகிய, வலுவான வெள்ளம் என்று அணைகள் தண்ணீரைத் திறந்தால் பிடிப்பு 3.7 மடங்கு வரை உயரக்கூடும் என்றார்கள். கணித வேலை நுட்பமானது. ஆனால் என்னால் இதை ஏற்க முடியவில்லை. அந்தப் பிடிப்பு எண்கள், கீழ் மேக்கொங்கின் முதன்மை ஆற்றில் ஒரு சுவர்கூட இல்லாத காலத்தவை. சயாபுரிதான் அங்கே முதல் அணை. மீன் தடையின்றிப் போய்வந்த ஆற்றில் கற்ற உறவை, சுவர் எழுந்த ஆற்றுக்கு எப்படி நீட்டுவது? மறு ஆண்டே ஹால்ஸும் மொய்லும், சாபோ ஆய்வு வந்த அதே இதழில் மறுப்பு எழுதினார்கள்: அணையின் பாதிப்பை எளிதாகச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணத்தை இது தரும், அதனால் மக்களின் உணவுக்கு ஆபத்து கூடும் என்று. அப்புறம் காசு விஷயமும் இருக்கிறது. மின் நிறுவனம் வெள்ளத்தைத் தேக்கிக் கோடையில் விற்கவே விரும்பும். மீனுக்கு வேண்டிய தாளம் அதற்கு நேர் எதிர். இழப்பை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதாதவரை அந்த நீரோட்டம் வரைபடத்தில் மட்டுமே ஓடும்.

இதே குடும்பத்தில் டிரிஃப்ட் என்ற முறை எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. தென்னாப்பிரிக்காவில் ஜாக்கி கிங், கேட் பிரவுன் ஆகியோர் உருவாக்கியது. வெள்ளம் தாமதமானால், வண்டல் குறைந்தால், ஒவ்வொரு மீன் குழுவுக்கும் என்ன ஆகும் என்று நிபுணர்கள் வளைகோடு வரைகிறார்கள். தரவு இல்லாத இடத்தை அனுபவ அறிவு நிரப்புகிறது. ஆற்று ஆணையத்தின் பெரிய ஆய்வு ஒன்று இதைப் பயன்படுத்தி, நாடுகளின் திட்டங்கள் எல்லாம் நிறைவேறினால் 2040க்குள் மீன் எடை 40 முதல் 80 விழுக்காடு குறையும் என்றது. இடைவெளி பெரிதுதான். ஆனால் நிபுணர் கணிப்பை ஒற்றை எண்ணாக ஒடுக்காமல் இப்படி அகலமாகவே சொன்னது நல்லது. காரணங்களையும் விளைவுகளையும் நிகழ்தகவால் இணைக்கும் பேயிசியன் வலைப்பின்னல் மாதிரி தொன்லே சாப்புக்குச் செய்யப்பட்டது; அதுவும் இதற்கு நெருங்கிய உறவு. உணவுச் சங்கிலியை எடைபோடும் எக்கோபாத், அணை கட்டியபின் நீர்த்தேக்கத்தில் எந்த மீன் பெருகும் என்று பார்க்க உதவும். இடம் தேர்வு செய்ய அதை எடுக்க மாட்டேன்.

அணை காகிதத்தில் இருக்கும்போது வழியடைப்பு மாதிரி. நிறுவனம் ஏணி வாக்குறுதி தரும்போது வாழ்க்கைக் கட்ட மாதிரி. கட்டி முடிந்தபின் மதகை எப்போது திறப்பது என்பதற்கு டிரிஃப்ட். நான் சொல்லும் வரிசை இது. வரிசை தலைகீழானால், தவறான இடத்தில் கட்டிவிட்டு மதகால் சரிசெய்யப் பார்க்கும் நிலை வரும்.

முதன்மை ஆற்றில் சம்போர், ஸ்டுங் திரெங் அணைகளைக் கம்போடியா 2020இல் பத்தாண்டுக்குத் தள்ளிவைத்தது. அந்த அவகாசம் முடிய அதிக நாள் இல்லை. சேசானும் ஸ்ரேபோக்கும் மூடப்பட்டபின், இந்தப் பகுதியின் மூன்று துணையாறுகளில் கடைசியாகக் கீழ்ப்பகுதி திறந்திருப்பது சேகோங். அதன்மேல் லாவோஸ் பக்கத்தில் திட்டங்கள் நகர்கின்றன. வழியடைப்புக் கணக்கை இப்போது ஓட்ட வேண்டிய ஆறு அது. முடிவை, துணையாறு என்ற சாக்கில் வெறும் அறிவிப்பாக விடாமல், நான்கு நாடுகளும் உட்காரும் மேசையில் வைக்க வேண்டும்.