பாயின்ட்–டிரான்சிஸ்டர், சிடிஐ, ஹால்–ஐஜிபிடி: சொந்தமாகச் செய்யும் கார் இக்னிஷனுக்கு எது?

டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியைப் பிளக்குகளுக்கு முறையாகப் பிரித்தனுப்பும் பாகம்) உள்ள பழைய காருக்குச் சொந்தமாக எலக்ட்ரானிக் இக்னிஷன் செய்ய மூன்று வழிகள் உண்டு. பொறியின் பருமனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம். இக்னிஷன் காயிலில் (பேட்டரி வோல்டேஜைப் பொறிக்கு வேண்டிய ஹைடென்ஷனாக உயர்த்தும் சுருள்) கரண்ட் ஏற எவ்வளவு நேரம் கிடைக்கிறது, இன்ஜின் நின்று சாவி மட்டும் ஆனில் இருந்தால் என்ன ஆகும், இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இருப்பதிலேயே எளிது, பாயின்ட்டை (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கேம் திறந்து மூடும் சுவிட்ச்) அப்படியே வைத்துக்கொண்டு டிரான்சிஸ்டரை மட்டும் சேர்ப்பது. காயிலின் 4 ஆம்பியரை டிரான்சிஸ்டர் சுமக்கும். பாயின்ட்டுக்கு 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாகச் சுமார் 0.3 ஆம்பியர் போதும். அதைச் சில மில்லிஆம்பியராகக் குறைக்கக் கூடாது. பாயின்ட் முகத்தில் படியும் எண்ணெய்ப் படலத்தை எரித்துத் தள்ள அந்தக் கரண்ட் வேண்டும். பாயின்ட்டோடு இருக்கும் கண்டென்சரைக் கழற்றிவிடுங்கள். பாயின்ட் கருகுவது இதோடு நிற்கும். ஆனால் கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேயத்தான் செய்யும், டைமிங் நகரத்தான் செய்யும். பாயின்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்று சாவி ஆனில் இருந்தால், 3 ஓம் காயில் 40 வாட்டுக்கு மேல் சூடாகிக்கொண்டே இருக்கும்.

சிடிஐ (கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் இக்னிஷன்) முறையில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 400 வோல்ட்டுக்கு ஏற்றி, தைரிஸ்டர் என்ற சுவிட்ச் வழியாகக் காயிலில் கொட்டுகிறோம். ஒரு பொறிக்கு 80 மில்லிஜூல். நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200 பொறி. பேட்டரியிலிருந்து அந்த 400 வோல்ட்டை உண்டாக்கும் இன்வெர்ட்டர் 16 வாட்டை விடாமல் தர வேண்டும். வோல்டேஜ் மிக வேகமாக ஏறுவதால் கரி பிடித்த பிளக்கிலும் பொறி விழும். ஆனால் அந்தப் பொறி மில்லிநொடியில் ஒரு பங்குதான் நிற்கிறது. பெட்ரோல் குறைந்த கலவையில், ஐடிலில், மிஸ்ஸிங் தெரியும். தைரிஸ்டர் அணைய மறுப்பது இன்னொரு தொல்லை: பொறி விட்ட கணத்தில் இன்வெர்ட்டர் கொஞ்சம் நின்று கொடுக்காவிட்டால் தைரிஸ்டர் ஆனிலேயே கிடக்கும், அடுத்த பொறி வராது. கெப்பாசிட்டர் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிமாகத்தான் இருக்க வேண்டும். அதன் குறுக்கே 470 கிலோஓம் இரண்டைத் தொடராகப் போடுங்கள். அப்படியும் சாவியை அணைத்து 5 நொடி கழித்தே கை வையுங்கள். இந்த 400 வோல்ட் உயிரை வாங்கக்கூடியது.

முதல் முறை செய்கிறவர் ஹால் சென்சர்–ஐஜிபிடி வழியையே எடுக்கலாம். இதில் பாயின்ட்டுக்குப் பதில் காந்தத்தை உணரும் ஹால் சென்சர் சிக்னல் தரும், மைக்ரோகன்ட்ரோலர் சொல்ல ஐஜிபிடி என்ற பவர் சுவிட்ச் காயிலை ஆன்–ஆஃப் செய்யும். சாதாரண 3 ஓம், 8 மில்லிஹென்ரி காயிலில் 13.8 வோல்ட்டில் 3 மில்லிநொடிக்குள் கரண்ட் 3.1 ஆம்பியர்தான் ஏறும், 38 மில்லிஜூல். பேலஸ்ட் ரெசிஸ்டர் (கரண்ட்டைக் குறைக்கக் காயிலோடு தொடராக வைப்பது) இல்லாமல் 1.5 ஓம், 5 மில்லிஹென்ரி காயில் என்றால் அதே நேரத்தில் 5.5 ஆம்பியர், 75 மில்லிஜூல். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்குவதால் அப்போது 5 மில்லிநொடி கொடுங்கள். ஆகவே மைக்ரோகன்ட்ரோலர் பேட்டரி வோல்டேஜைப் பார்த்துச் சார்ஜ் நேரத்தை மாற்ற வேண்டும். சார்ஜ் தொடங்கும் நேரத்தை முந்தைய சுற்றை வைத்துக் கணிக்கலாம். பொறி விடும் கணத்தைக் கணிக்கவே கூடாது. அது ஹால் சிக்னலின் விளிம்பிலேயே நடக்கட்டும். இல்லையென்றால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது டைமிங் பின்தங்கும்.

ஐஆர்எஃப்540 போன்ற 100 வோல்ட் மாஸ்ஃபெட்டைப் போட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கரண்ட் அறும்போது காயிலின் பிரைமரியில் 300–400 வோல்ட் எழும். ஐஎஸ்எல்9வி3040 மாதிரி, வோல்டேஜை 400 வோல்ட் அளவில் தடுத்து நிறுத்தும் கிளாம்ப் உள்ளேயே உள்ள இக்னிஷன் ஐஜிபிடி வேண்டும். ஹால் சென்சரில் ஏ3144 எடுத்தால் பெயருக்குப் பின்னுள்ள எழுத்தைப் பாருங்கள்: 'இ' 85 டிகிரி வரைதான், 'எல்' 150 டிகிரி வரை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் 85 போதாது.

சிக்னல் ஒரு நொடி வராவிட்டால் காயிலை அணைக்கும் நிரல் கட்டாயம். இல்லையென்றால் 1.5 ஓம் காயிலில் சுமார் 8 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். சட்டென்று அணைத்தால் அதுவே ஒரு பொறி: நின்ற இன்ஜினில் ஏதாவது ஒரு சிலிண்டர் வெடித்து உதைக்கும். அதனால் ஐஜிபிடியை ஆன்–ஆஃப் செய்யும் முனையான கேட்டின் வோல்டேஜைச் சில பத்து மில்லிநொடிகளில் மெல்ல இறக்குங்கள்.

கன்ட்ரோலர் காரணமின்றி ரீசெட் ஆனால் நிரலைக் குடைவதற்கு முன் பிளக் வயரைப் பாருங்கள். செப்பு வயர் என்றால், பொறியின் மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டிவ் வயராக மாற்றுங்கள். சோதிக்கும்போது பிளக் வயரைத் திறந்து விடாமல், காற்றில் 6–7 மில்லிமீட்டர் இடைவெளி வைத்துக் கிரவுண்டுக்குப் பாய விடுங்கள். வழியில்லாத ஹைடென்ஷன் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைத் துளைத்துவிடும்.