ரேடியேட்டரைத் துளைத்த ஸ்க்ரூ: லிக்விட் கூலர் மாட்டப் போகிறவர்களுக்கு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த இருபது நிமிஷத்துக்கு நான் கொடுத்த விலை 48,000 ரூபாய். கடைப் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வீடியோ எடிட்டிங்குக்காக ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒரு சிஸ்டம். பிராசஸர் நன்றாகச் சூடாகிற ரகம். மூன்று ஃபேன் வைத்த 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் போடலாம் என்று ஓனரேதான் சொன்னார். பிராசஸர் சூட்டை ஒரு திரவம் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், அங்கே ஃபேன்கள் அதை ஆற்றும். "இந்த கேபினட்ல மாட்டுமா?" என்று கேட்டதற்கு, "தாராளமா உட்காரும் சார்" என்றார். நீளத்துக்கு உட்கார்ந்தது உண்மைதான். உயரத்தை அவர் பார்க்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ரேடியேட்டர் தடிமன் 27, ஃபேன் தடிமன் 25. கேபினட் கூரையிலிருந்து மொத்தம் 52 மில்லிமீட்டர் கீழே இறங்கும். மதர்போர்டின் மேல் ஓரத்தில் நிற்கிற ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டி, மூன்றில் பின்பக்க ஃபேனுக்கு இடம் விடவில்லை.

இதெல்லாம் பிறகு நானே பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. நான் டீக்கடையில் நின்ற நேரத்தில், அசெம்பிள் செய்த தம்பி அந்த ஒரு ஃபேனை மட்டும் எடுத்துவிட்டு, 15 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒல்லி ஃபேன் ஒன்றைப் போட்டிருக்கிறார். இடம் பற்றாவிட்டால் ஒல்லி ஃபேன் போடுவது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஃபேனை மாற்றியவர் ஸ்க்ரூவை மாற்றவில்லை.

கூலர் பெட்டியில் இரண்டு வகை ஸ்க்ரூ வரும். குட்டையானது ரேடியேட்டரை கேபினட்டோடு பிடிக்க. நீளமானது ஃபேனை ரேடியேட்டரோடு பிடிக்க. என் கூலரில் வந்த நீள ஸ்க்ரூ 30 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் ஃபேனைத் தாண்டினால் மிச்சம் 5 மில்லிமீட்டர்தான் ரேடியேட்டருக்குள் போகும், கணக்கு சரி. அதே ஸ்க்ரூவை ஒல்லி ஃபேனில் விட்டால் 15 மில்லிமீட்டர் உள்ளே இறங்கும். அந்த ஓட்டைக்கு நேரே இருப்பது காகிதம் போல மெல்லிய தகடுகளும், அவற்றுக்கு நடுவே கூலன்ட் திரவம் ஓடுகிற தட்டையான அலுமினியக் குழாயும். கையால் திருகினால் ஏதோ முட்டுகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். பேட்டரி ஸ்க்ரூ டிரைவர் 'கிர்ர்' என்று ஒரே மூச்சில் இறக்கிவிடும்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே ஒரு சந்தேகம் வந்தது. மூன்று ஃபேனும் காற்றை மேலே தள்ள வேண்டும். கேபினட் மேல் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தேன். இரண்டு இடத்தில் பறந்தது, பின்பக்கம் மட்டும் வலையோடு ஒட்டிக்கொண்டது. அதாவது அந்த ஃபேன் தலைகீழ். ஃபேனில் நடு மோட்டாரைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, காற்று அந்தப் பக்கம்தான் வெளியேறும். இது அசெம்பிளியில் அரிச்சுவடி. கடைக்கு போன் செய்தேன். "அதெல்லாம் டிசைன் சார், டெம்பரேச்சர் ஓகேவா இருக்குல்ல?" என்றார்கள். ஓகேவாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன். அன்றே திறந்திருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு பிழைத்திருக்கும்.

ஒன்பதாம் நாள் ராத்திரி ஒரு ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக்குகிற வேலை) ஓடும்போது திரை கறுத்துப்போனது. பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். தொட்டால் பிசுபிசுப்பு. நேர் மேலே அந்த ஒல்லி ஃபேன், அதன் ஒரு மூலை ஸ்க்ரூவின் தலையில் இன்னொரு சொட்டு விழத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயைக் குத்திய ஸ்க்ரூவே இத்தனை நாள் அரைகுறை அடைப்பானாகவும் இருந்திருக்கிறது. கழற்றி என் பெண்ணின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். சரியாக 30.

கடையில் அடுத்த நாள்: "லிக்விட் கூலர்னாலே ரிஸ்க்தான் சார். கம்பெனி வாரன்டில போடுங்க." கம்பெனி சர்வீஸ் சென்டரில் டார்ச் அடித்துப் பார்த்தவர், வெளியிலிருந்து ஸ்க்ரூ குத்திய ஓட்டை, வாரன்டியில் வராது என்று எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் கடைக்குப் போனால், "நீங்க வீட்ல திறந்திருக்கீங்களே!" எரிகிற வீட்டைத் திறக்காமல் எப்படி அணைப்பது?

பில் விஷயத்தில் நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஜி.எஸ்.டி. பில் வேண்டாம் என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றார்கள், கூலருக்கும் கேபினட்டுக்கும் 'எஸ்டிமேட்' என்று போட்ட துண்டுச் சீட்டோடு வந்துவிட்டேன். பணம் யூ.பி.ஐ.யில் போனதால் அந்தப் பதிவாவது மிஞ்சியது. பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். 1915 உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஸ்க்ரூ, ஸ்கேல், ஓட்டை மூன்றும் ஒரே சட்டகத்தில் தெரிகிற போட்டோ, சர்வீஸ் சென்டர் சீட்டு எல்லாம் சேர்த்து அனுப்பினேன். இதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

உங்கள் ரேடியேட்டரில் யார் ஃபேன் மாட்டினாலும் பக்கத்திலேயே நில்லுங்கள். ஸ்க்ரூவை ஃபேன் பக்கவாட்டில் நிறுத்திப் பிடித்தால், வெளியே நீட்டுகிற அளவு தெரிந்துவிடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டினால் மாட்ட விடாதீர்கள். ஒல்லி ஃபேன்தான் என்றால் 20 மில்லிமீட்டர் ஸ்க்ரூ கேளுங்கள். கடை டப்பாவில் கலந்து கிடக்கிற ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். மரை பொருந்திவிடும், அதுதான் வம்பே. கடைசிச் சுற்று கையால். பெட்டியில் வந்த ஃபேன் மூன்றும் மாட்டப்பட்டதா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். நான் எண்ணவில்லை.

புகார் போன பிறகு ஓனர் கூப்பிட்டார். கூலர் விலையைத் திருப்பிக் கொடுத்தார். கார்டு பணத்துக்கு "பார்க்கலாம் சார்" என்பதோடு நிற்கிறது. என் மூன்றாவது ஃபேன் எங்கே என்று கேட்டேன். அந்தத் தம்பி ஒன்றும் பேசாமல், கடை வாசலில் கலர் லைட்டோடு ஓடிக்கொண்டிருந்த டெமோ சிஸ்டத்தை ஆஃப் செய்துவிட்டு, அதிலிருந்து கழற்றித் தந்தார்.