மீக்கடத்தித் தூளுக்கு ஏற்ற துணை எது: இயற்கை ரப்பரா, சிலிக்கோனா?

ஒய்பிசிஓ (யிட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த பொருள்) தூளை ரப்பரில் கலந்து வளையும் மீக்கடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாத பொருள், செய்யப் போகிறவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை ரப்பர் மைனஸ் 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் கண்ணாடி போல இறுகிவிடும், சிலிக்கோன் மைனஸ் 125 வாக்கில், இந்தத் தூளைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜனோ மைனஸ் 196. அங்கே இரண்டுமே கட்டைதான். அதனால் நெகிழ்ச்சியை விட்டுவிட்டு, தூளைக் கெடுக்காமல் இறுகுவது எது என்று பாருங்கள்.

லேட்டக்ஸ் (ரப்பர் பால்) பக்கமே போக வேண்டாம். அதில் நிறையத் தண்ணீர், ஒய்பிசிஓவுக்கோ தண்ணீர் ஆகவே ஆகாது: பேரியம் ஹைட்ராக்சைடாகப் பிரிந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட் ஆகிவிடும். சரி, உலர்ந்த ஷீட்டை இரட்டை உருளை மில்லில் போட்டுக் கலக்கலாம் என்றால், ரப்பரை இறுக்கும் வழக்கமான வல்கனைசிங் கலவையில் கந்தகமும் ஸ்டியரிக் அமிலமும் இருக்கும், அமிலம் இந்தத் தூளுக்கு எதிரி. (150 டிகிரி சூட்டுக்குப் பயப்படாதீர்கள், ஆக்சிஜன் வெளியேற அதைவிட நிறையச் சூடு வேண்டும்.) இறுக்குவதற்குப் பெராக்சைடுக்கு மாறினால் கந்தகம் தொலையும், ஆனால் தூளில் உள்ள தாமிரம் என்ன ஆகும்? இயற்கை ரப்பரைச் சீக்கிரம் ஆக்சிஜனேற்றிப் பாழாக்குவதில் தாமிரத்துக்குப் பெரிய பெயர் உண்டு. ஆக, ஒன்றை ஒன்று கெடுக்கும் ஜோடி.

என் ஓட்டு இரண்டு பாகமாக வரும், பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் சிலிக்கோனுக்கு. வினிகர் வாசம் அடிக்கும் கடைச் சீலண்ட் வேண்டாம், அது இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை விடுகிறது. கலக்கும்போது லேட்டக்ஸ் கையுறையும் போடாதீர்கள், கந்தகம் பட்டால் பிளாட்டினம் வேலை செய்யாது. தூளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.3 கிராம், சிலிக்கோனுக்கு 1.1தான். அதனால் எடையில் 80 சதவீதம் தூள் போட்டாலும் கனஅளவில் 40 வாக்கில்தான் வரும், கொஞ்சமாகப் போட்டாலோ அடியில் படிந்துவிடும்.

சோதிக்கும்போது நான்கு முனை மின்தடை அளவை நம்பாதீர்கள். துகள்களுக்கு நடுவே ரப்பர் இருப்பதால் எந்தக் கலவையும் மின்காப்பி மாதிரிதான் காட்டும். ஏசி காந்த ஏற்புத்திறன் (மாறும் காந்தப்புலத்தில் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) பார்ப்பதுதான் சரியான வழி: வெறும் தூளில் 92 கெல்வின் (மைனஸ் 181 செல்சியஸ்) வாக்கில் வரும் சரிவு, கலவையிலும் அதே இடத்தில் வந்தால் தூள் பிழைத்தது. காந்தத்தின் மேல் மிதக்கவிட்டுப் பார்ப்பது வேடிக்கைக்குச் சரி, ஆனால் துகள் சிறிதாக இருப்பதால் தூக்கும் விசை பெரிதாக இராது.

சிலிக்கோனிடமும் ஒரு குறை, அது நீராவியைத் தாராளமாக உள்ளே விடும். நைட்ரஜனிலிருந்து எடுத்த துண்டில் பனி படியும், அதைத் துடைத்து உலர்த்தி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.